குழியோரம் எடுத்த இருபத்திரண்டு நொடி

அபிநயா அந்த வீடியோவை எடுத்ததைக் குற்றம் என்று சொல்ல முடியாது. கோழிப்பண்ணையில் குடியிருக்கிறவள் கோழியை எடுக்காமல் மயிலையா எடுப்பாள்? குற்றம், அதற்குப் பிறகு அவள் எழுதிய ஒரே ஒரு வரியில் இருந்தது.

புதன்சந்தைக்கு மேற்கே இருந்த பூபதியின் பண்ணையில் முப்பதாயிரம் முட்டைக்கோழிகள். அபிநயாவின் புருஷன் சந்திரசேகர் அங்கே சூப்பர்வைசர். பண்ணைக்குள்ளேயே தகரம் போட்ட இரண்டு அறை வீடு கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், நம்முடையது என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வேறு கூரை கிடையாது. கத்திரி தொடங்கிய மூன்றாம் நாள், திங்கட்கிழமை மத்தியானம், டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் அன்றைக்கென்று பார்த்து மக்கர் பண்ணியது. கோழிகள்மேல் தூறலாகத் தண்ணீர் தெளிக்கிற குழாய்கள் இரண்டு மணி நேரம் நின்றுபோயின. கோழிக்கு வியர்க்காது. வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கும், பிறகு கூண்டுக்குள்ளேயே சாய்ந்துவிடும். அறுநூற்று நாற்பது கோழிகள் அப்படிச் சாய்ந்தன. நாமக்கல் பக்கத்துக்காரனுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கோடை வந்தால் ஏதாவது ஒரு பண்ணையில் நடக்கிறதுதான்.

நாலு மணி வாக்கில், செத்த கோழிகளைக் கொட்டிய குழியோரம் நின்று அபிநயா செல்போனைப் பிடித்தாள். இருபத்திரண்டு நொடி. "பாருங்க சாமி, கரண்டு போயி வெயிலுக்கு எத்தன உசுரு போயிருச்சுன்னு. வயிறு எரியுதுங்க" என்று அவள் குரலும் அதில் இருந்தது. வயிறு எரிந்துதான் சொன்னாள், அதில் பொய் இல்லை. 'கொங்குச் சிட்டு' என்ற பெயரில் அதைப் போட்டாள். அந்தச் சிட்டு மூஞ்சி காட்டாத சிட்டு. கோலம், குழம்பு, குஞ்சுக்கோழி என்று ஒரு வருஷமாக எதையாவது போட்டு வந்தது. பார்த்தவர் இருநூறு பேரைத் தாண்டியதில்லை. சந்திரசேகருக்கே அது தெரியாது.

அவள் அதை எடுப்பதைப் பார்த்தவன் நயீம் ஒருவன்தான். சேலத்து முட்டை வியாபாரி ஒருவரிடம் வண்டி ஓட்டுகிறவன். முப்பது தாண்டியவன், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். வாரம் இரண்டு தடவை, திங்களும் வியாழனும், முட்டை ஏற்ற வருவான். அன்றைக்குக் குழிப் பக்கமாக வண்டியைத் திருப்பியவன் அவளைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, செத்த கோழிக்குக்கூட வீடியோவா?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அபிநயா சந்தோஷத்தில் அந்த எண்ணையே திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். கீழே கருத்துச் சண்டை நாறிக்கொண்டிருந்தது. வெயில்தான் என்று ஒருவன், பறவைக் காய்ச்சல் என்று ஒருவன், உனக்கு என்னடா தெரியும் என்று மூன்றாமவன், அவன் அம்மாவை இழுத்து நாலாமவன். கடைசியில் எல்லாரும் அவளைக் கேட்டார்கள்: நீங்களே சொல்லுங்க சிட்டு, நோய்தானே?

வெயில்தாங்க என்று எழுதியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். முடிய அவளுக்கு மனமில்லை. பிறந்ததிலிருந்து அவளிடம் இத்தனை பேர் எதையும் கேட்டதில்லை. "உண்மையைச் சொன்னா எங்களை உயிரோட விடமாட்டாங்க" என்று எழுதி, பக்கத்தில் வியர்த்து வழிகிற ஒரு மஞ்சள் மூஞ்சியையும் போட்டாள். அந்த ஒரு வரிக்கு எண்ணூறு பேர் இதயம் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் இதயம் அவளுக்குத்தான் அடித்துக்கொண்டது. எவனோ ஒருவன் அவள் வீடியோவை எடுத்து, அவள் குரலை வெட்டி எறிந்துவிட்டு, தன் கட்டைக் குரலில் பேசியிருந்தான். கோழிக் காய்ச்சலை நாமக்கல்லில் மூடி மறைக்கிறார்களாம். ஒரு மாதத்துக்கு யாரும் முட்டை தின்னக்கூடாதாம். நம்பாதவர்களுக்கு அத்தாட்சியாக, பண்ணைக்குள்ளிருந்து ஒரு ஜீவன் எழுதிய வரி: உயிரோட விடமாட்டாங்க. வெயிலுக்கு என்று அவள் சொன்னது போய்விட்டது. அவள் சொல்லக்கூடாதது மட்டும் ஊர் சுற்றியது.

பத்து மணிக்கு ஆத்தூரிலிருந்து அவள் அக்கா பிரபா கூப்பிட்டாள்.

"அபி, நீ முட்டைகிட்டை சாப்பிட்டுத் தொலைக்காத. நான் பக்கத்து வீடு, எதிர்வீடு எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அந்தப் பொண்ணு எழுதியிருக்கா பாத்தியா? உயிரோட விடமாட்டாங்களாம். பாவம், யார் பெத்த பொண்ணோ!"

யார் பெற்ற பெண் என்று அபிநயாவுக்கு நன்றாகத் தெரியும். இருவரையும் பெற்றது ஒரே வயிறு. "சரிக்கா" என்று மட்டும் சொல்லி வைத்தாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல உள்ளுக்குள் கடுத்தது.

கால்நடை டாக்டர் வந்தார். உடம்பெல்லாம் மூடிக்கொண்டு வந்து, மாதிரி எடுத்து, நோய்க்குறி எதுவும் இல்லை, வெயில் தாக்கிய சாவு என்று எழுதிக் கொடுத்தார். பூபதி அந்தக் காகிதத்தைப் படம் பிடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். யாரும் சீந்தவில்லை. காகிதத்தில் பார்ப்பதற்குச் செத்த கோழி இல்லையே. புதன்கிழமை விலை விழுந்தது. முட்டை அறையில் விற்காத முட்டைகளோடு அட்டைகள் கூரைவரைக்கும் ஏறின. பூபதி சாப்பாட்டை விட்டுவிட்டு ஷெட்டுக்கும் அறைக்குமாக நடந்தார். சந்திரசேகருக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரியில் ராத்திரியெல்லாம் கூடவே உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அவர் ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் அபிநயா அடுப்படிக்குள் நகர்ந்துகொண்டாள். முட்டாள்தனமாகச் சிட்டின் பக்கத்திலிருந்து வீடியோவை அழித்தாள். ஊர் முழுக்க ஆயிரம் நகல் திரியும்போது பக்கத்தில் இருந்த ஒன்றை அழித்து என்ன பயன்? "பயந்துட்டாங்க, அழிச்சுட்டாங்க, அப்ப உண்மைதான்" என்று அதற்கும் பேசினார்கள்.

மத்தியானச் சோற்றில் கையை வைத்தபடி சந்திரசேகர் பண்ணைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவைப் படித்தான்.

"ஆளு சிக்கிட்டான் அபி" என்றான்.

அவள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டாள்.

வீடியோவின் ஓரத்தில் ஒரு நீல வண்டியின் மூலை தெரிந்ததாம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஜெயபிரகாஷ் அதைப் பெரிதாக்கிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். சேலத்து வண்டி. நயீம் வண்டி. போன ஞாயிற்றுக்கிழமைதான் அந்த வியாபாரி, அறிவித்த விலைக்குக் கீழே மைனஸ் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டு, பண்ணைக்காரர்கள் மாட்டேன் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டையும் முடிச்சுப் போட எத்தனை நேரம் ஆகும்? விலையை இறக்குவதற்கு வியாபாரியே டிரைவரை விட்டு வீடியோ எடுக்கச் சொன்னான் என்று முடிவாகிவிட்டது. முட்டை வியாபாரம் தெரிந்த எவனுக்கும் அதுதான் நியாயமாகப் படும்.

"அப்படியெல்லாம் இருக்காதுங்க மாமா" என்றாள்.

"பின்ன வேற எவன் குழிப்பக்கம் போவான்? நாளைக்கு லோடுக்கு வருவானல்ல, அப்பக் கேட்டுக்கலாம்னு எல்லாரும் வாராங்க."

இதை மறைப்பதில் அர்த்தமில்லை: அந்த நொடியில் அபிநயாவுக்கு நிம்மதியாக இருந்தது. தன்னைப் பார்த்த ஒரே ஆள் நயீம். இனி அவன் உண்மையைச் சொன்னாலும் தப்பிக்கச் சொல்கிறான் என்பார்கள். வீடு பிழைத்தது, புருஷன் வேலை பிழைத்தது. கை கழுவிவிட்டு வந்து அவன் செல்போனில் அந்தக் குழுவை அவளும் பார்த்தாள். நாற்பது ஐம்பது பேச்சு ஓடியிருந்தது. "பேரைக் கேட்டாலே தெரியலையா" என்று ஒன்று. "கையை ஒடிச்சு அனுப்பணும், அப்பத்தான் அடுத்தவனுக்குப் பயம் இருக்கும்" என்று ஒன்று. அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்களில் அவள் வீட்டில் காப்பி குடித்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். வந்த நிம்மதி போய்விட்டது. செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்தாலும் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தன் முகமும் வெளியே வரக்கூடாது, நயீமும் பிழைக்க வேண்டும். மறுபடி கொங்குச் சிட்டாகப் போய், அந்தக் கட்டைக் குரல்காரன் வீடியோவுக்குக் கீழே எழுதினாள்: "இதை எடுத்தது நயீம் இல்லை. நான் ஒரு பெண். கோழிகள் வெயிலுக்குத்தான் செத்தன. அவரை விட்டுவிடுங்கள்." நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று முகம் கழுவி, சாமிக்கு விளக்குகூட ஏற்றினாள்.

திரும்பி வந்து பார்த்தால் ஜெயபிரகாஷின் பதில் இருந்தது.

"நாங்க குரூப்புக்குள்ள மட்டுந்தான் நயீம்ங்கற பேரப் பேசினோம். வெளியில இதுவரைக்கும் ஒருத்தனும் சொல்லலை. உனக்கு எப்படிடா தெரிஞ்சுது? பொம்பள வேசம் போட்டு உன் பேர நீயே காப்பாத்தறயா நயீமு?"

பூதத்தை ஓட்டப்போய் அவளே கிணற்றைத் தோண்டிக் கொடுத்துவிட்டாள். அதுவரை ஐம்பது பண்ணைக்காரர்களுக்குள் இருந்த பெயர், அவள் கையால் லட்சம் பேருக்குப் போனது. அரை மணி நேரத்தில் வண்டி நம்பர் வந்தது. பிறகு நயீமின் படம் வந்தது. அவன் தன் கணக்கில் ஆசையாகப் போட்டிருந்த படம், இரண்டு பெண்களையும் வண்டி முகப்பில் உட்கார வைத்து எடுத்தது. அதில் நயீமின் தலைக்கு மட்டுமல்ல, குழந்தைகள் தலைக்கும் சேர்த்து வட்டம் போட்டிருந்தார்கள்.

வியாழன் காலையில் சந்திரசேகர் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் செல்போனிலிருந்து நயீமின் எண்ணை எடுத்தாள். இன்றைக்கு வராதீங்கண்ணா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள்.

"யாருங்க? திட்டறதுக்குத்தானே? திட்டிக்குங்க. நான் அவரு சம்சாரம் கௌசியா. போனு ராவெல்லாம் அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, புள்ளைங்க பயப்படுதுன்னு அவரு இங்கயே வெச்சிட்டு லோடுக்குப் போயிட்டாரு. போகாதீங்கன்னு கால்ல விழுந்தேன். போகலைன்னா நான்தான் செஞ்சேன்னு ஆயிரும்னு போயிட்டாரு. சொல்லுங்க, நீங்க என்ன திட்டணும்?"

அபிநயா போனைக் காதிலிருந்து எடுத்தாள். இணைப்பைத் துண்டித்தாள்.

பத்து மணிக்கு வண்டி வந்தது. பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய பள்ளம் உண்டு. எந்த வண்டியாக இருந்தாலும் அதில் சக்கரத்தை நனைத்து நின்று, மருந்து தெளித்த பிறகுதான் உள்ளே வரவேண்டும். நயீம் வழக்கம்போல அதில் இறக்கி நிறுத்தினான். நிறுத்தியதும் இருபது பேர் சூழ்ந்தார்கள். ஜெயபிரகாஷ் செல்போனைத் தூக்கிப் பிடித்து நேரலை ஓட்டினார். அபிநயா தீவன அறை வாசலில் நின்றாள்.

"எறங்குடா. போனை எடு."

"போனு வீட்டுல இருக்குங்க."

"வீட்டுலயா? எந்த டிரைவரு போனில்லாம வண்டி ஓட்டறான்? எங்கடா ஒளிச்சே?"

சட்டைப் பையைப் பிய்த்தார்கள். வண்டி சீட்டைக் கிழித்தார்கள். செல்போன் இல்லை என்பதே போதுமான சாட்சியாகிவிட்டது. முதல் அறை யார் கை என்று தெரியவில்லை. நயீம் மருந்துத் தண்ணீரில் முட்டிபோட்டு விழுந்தான். "கை வெக்காதீங்கப்பா, பேசறதுக்குத்தான் வரச்சொன்னது" என்று பூபதி சொன்னார். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"நீ எடுக்கல சரி. எடுத்தது யாருன்னு தெரியுமா தெரியாதா? அன்னைக்குக் குழிப்பக்கம் நீதான நின்னே?"

நயீம் நிமிர்ந்தான். உதட்டில் ரத்தம். கூட்டத்தின் கால்களுக்கு இடையே அவன் பார்வை தீவன அறை வாசலுக்கு வந்தது. அபிநயாவின் மேல் நின்றது. சொல்லப்போகிறான் என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாதுங்க" என்றான்.

இன்னொரு அறை விழுந்தது. ஒருவன் வண்டியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தான். ஒடிக்க வேண்டும் என்று எழுதியது வெறும் எழுத்தில்லை என்று அபிநயாவுக்கு அப்போது புரிந்தது. அவன் தன் பெயரைச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சொல்லாததைத் தாங்க முடியவில்லை. எப்படி நடந்தாள் என்று தெரியாது, பள்ளத்து விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள்.

"நாந்தானுங்க எடுத்தேன்."

"உள்ள போ சாமி" என்றார் பூபதி.

"என்னடி ஒளர்றே!" சந்திரசேகர் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"இவனுக்கு இந்தப் புள்ள எதுக்கு வக்காலத்து வாங்குது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். கேட்ட விதம் நன்றாக இல்லை. ஜெயபிரகாஷ், பொம்பளை சமாசாரம் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் பள்ளத்தருகே வந்து நின்றதுமே நேரலையை அணைத்திருந்தார்.

அபிநயா கையை உதறிக்கொண்டு செல்போனைத் திறந்தாள். கொங்குச் சிட்டின் பக்கத்தைக் காட்டினாள். பிறகு, செல்போனுக்குள் அழிக்காமல் வைத்திருந்த அசல் வீடியோவை ஓடவிட்டாள். "வெயிலுக்கு எத்தன உசுரு போயிருச்சுன்னு. வயிறு எரியுதுங்க." நாலு நாளாக யாரும் கேட்காத குரல். கம்பியைப் பிடித்திருந்தவன் அதைக் கீழே போட்டான். பூபதி மட்டும் செல்போனை வாங்கி, மேலே தள்ளித் தள்ளி, எண்ணூறு இதயத்தோடு அவள் படம்பிடித்து வைத்திருந்த அந்த வரியைக் கண்டுபிடித்துப் படித்தார். வாய்விட்டே படித்தார்.

"எங்களை உயிரோட விடமாட்டாங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "நான் உங்கள என்ன சாமி பண்ணிப்போட்டேன்?"

எண்ணூறு இதயத்துக்காக என்று சொல்லவா முடியும்? அவள் தலையைக் குனிந்து அழுதாள்.

கூட்டம் கலைந்தது. அடித்த கைகளுக்கெல்லாம் திடீரென்று வேலை ஞாபகம் வந்துவிட்டது. "அண்ணா, நான் சொன்னதையும் போடுங்கண்ணா" என்று ஜெயபிரகாஷின் பின்னால் ஓடினாள். "போடலாம், போடலாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் பைக்கை உதைத்தார். அவர் ஓட்டிய நேரலையில் நயீம் அடிவாங்கியதும், தெரியாது என்றதும் இருந்தன. அவள் பேசியது இல்லை. அதற்குள் அது பரவியிருந்தது.

நயீம் குழாயில் முகம் கழுவினான். கழுவக் கழுவ உதட்டு ரத்தம் சட்டையில் வழிந்தது.

"என் பேர எதுக்கு தங்கச்சி போட்டே?" என்றான்.

"உங்களக் காப்பாத்தலாம்னுதாண்ணா..."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தான். "சேலம் போய்ச் சேரணும். வண்டி நம்பரு எல்லாருகிட்டயும் இருக்கு" என்றான், யாரிடமோ சொல்வது போல.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மை தெரிந்தவர்கள் இந்த வாசலில் இருபது பேர். வழியெல்லாம் இருக்கிறவர்களுக்குத் தெரிந்தது வண்டி நம்பர் மட்டும்தான்.

"நான் கூட வாரேனுங்கண்ணா. வழியில எவன் கேட்டாலும் நான் சொல்றேன்." வண்டிக் கதவில் கை வைத்தாள்.

"ஏறாத." அவன் பதறிப்போய்க் கதவைச் சாத்தினான். "நீ என் வண்டியில உக்காந்தா அதுக்கு வேற ஒரு வீடியோ வரும். அப்புறம் உன்னையும் விடமாட்டாங்க, என்னையும் விடமாட்டாங்க."

சந்திரசேகர் பூபதியிடம் போனான். இடுப்பில் தொங்கிய முட்டை அறைச் சாவியைக் கழற்றிப் பூபதியின் பக்கத்தில் மதில்மேல் வைத்தான். பூபதி அதை எடுக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. சந்திரசேகர் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஏறு" என்றான்.

பைக் முன்னால் போனது. நீல வண்டி காலியாகப் பின்னால் வந்தது. அனல் முகத்தில் அடித்தது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் வேகம் குறைவது போலவே அவளுக்குத் தோன்றியது. புருஷனின் தோளைப் பிடிக்கத் தைரியம் வராமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு டீக்கடை. பெஞ்சில் ஐந்தாறு பேர். ஒருவன் செல்போனைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், மறுபடி செல்போனைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவனின் தொடையைத் தட்டினான். எல்லாரும் எழுந்தார்கள். ஒருவன் ரோட்டுக்கு நடுவே வந்து கையை நீட்டினான்.

சந்திரசேகர் பைக்கை நிறுத்தினான். அவள் இறங்கினாள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி வண்டியைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"அண்ணா, நில்லுங்க" என்றாள். ஒருவன் செல்போனை உயர்த்தினான். இந்த முறை அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. "அந்த வீடியோ எடுத்தது நாந்தானுங்க."

சேலத்துக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது.